கல்லுப் பாதைக்கு ஒரு ஸ்டியரிங் டாம்பர்

சென்ற மாசி மாதம், பர்கூரை அடுத்த ஒரு வறண்ட ஏரியின் உள்வாயில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, வண்டல் மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடை மட்டும் தலைகாட்டிக்கொண்டிருந்த ஒரு கருங்கல்லின் விளிம்பில் என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்கின் முன் சக்கரம் இடித்தது. வேகம் 40 கூட இருந்திருக்காது. நானும் விழவில்லை, வண்டியும் விழவில்லை. ஆனால் ஹேண்டில்பார் இடப்பக்கம் பிடுங்கிக்கொண்டு போய், அதே விசையில் வலப்பக்கம் திரும்பி வந்தபோது, அதைப் பற்றியிருந்த என் வலது கட்டைவிரல் அதனோடு ஒத்துப்போகவில்லை. அடுத்த மூன்று வாரங்களுக்குச் சட்டைப் பொத்தானை இடக்கையால்தான் போட்டுக்கொண்டேன். ஓட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் ஹேண்டில் இப்படித் திடீரென்று பிடுங்கிக்கொள்வதை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் என்ற பொருளைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பாதியை, பிறகு பணம் செலவழித்துத் தவறு செய்தே புரிந்துகொண்டேன். நம் பக்கத்து மண்ணிலும் கல்லிலும் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் செலவில் கொஞ்சம் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

டாம்பர் என்பது புதிய பொருள் அன்று. என் பெரியப்பா சந்தூரிலிருந்து மாங்கன்று வியாபாரம் செய்தவர். அவரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. அதன் ஹேண்டில்பாருக்கு நடுவே, பூட்டைப் போல ஒரு கறுப்புத் திருகு இருக்கும். சிறுவனாக இருந்தபோது அதைத் திருகித் திருகி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். அது உராய்வு டாம்பர். திருகை இறுக்க இறுக்க, ஹேண்டில் ஃபிரேமோடு சேரும் கழுத்துக்குக் கீழே உள்ள தகடுகள் ஒன்றோடொன்று நெருக்கி உரசும், ஹேண்டில் கனத்துப்போகும். பக்கவாட்டுப் பெட்டி பூட்டிய வண்டிகளில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஆடாமல் இருக்க இதை இறுக்கிக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டின் குறை, நாம் ஹேண்டிலை மெல்லத் திருப்பினாலும் கல் திடீரென்று திருப்பினாலும் அது ஒரே அளவு எதிர்ப்பைக் காட்டும் என்பதுதான். இன்னும் சொன்னால், அசையாமல் நிற்கிற தகட்டை அசைக்கத் தொடங்குவதற்கே கூடுதல் பலம் வேண்டும் என்பதால், நாம் செய்ய விரும்புகிற சின்னச்சின்னத் திருத்தங்களைத்தான் அது முதலில் தடுக்கும்.

எண்ணெய் டாம்பர் இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தண்ணீருக்குள் விரித்த கையை மெதுவாகத் தள்ளினால் வழிவிடும். அதே கையை வீசி அறைந்தால் தண்ணீர் சுவரைப் போல நிற்கும். டாம்பருக்குள் அடைபட்ட எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகத்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியும். நாம் ஹேண்டிலைத் திருப்புகிற வேகத்துக்கு அது எளிதாகப் போய்விடும். கல் இடித்துச் சக்கரம் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்ப முயலும்போது அவ்வளவு எண்ணெயும் அந்தத் துளை வழியே ஒரே நேரத்தில் போக முடியாமல் முட்டிக்கொள்ளும். ஆகவே எதிர்ப்பு, திரும்புகிற கோணத்தைப் பொறுத்து வருவதில்லை; திரும்புகிற வேகத்தைப் பொறுத்து வருகிறது. டாம்பர் வாங்குகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய முதல் செய்தி இதுவே, ஏனென்றால் கடையில் நிற்கும்போது வண்டியின் ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லையே" என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே இருவேறு தொல்லைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, எனக்கு நேர்ந்தது: கல்லோ பள்ளத்தின் விளிம்போ சக்கரத்தை ஒரு முறை உதைத்துத் தள்ளுவது. மற்றொன்று, யாரும் உதைக்காமலே வேகத்தில் ஹேண்டில் இடம்வலமாகப் படபடவென்று அடித்துக்கொள்வது. வினாடிக்கு 4 முதல் 10 முறை வரை முன்பகுதி மட்டும் ஆடுகிற இந்த ஆட்டத்தை வாபிள் என்கிறார்கள். இதைத் தவிர, வண்டி முழுவதும், பின் சக்கரமும் சேர்ந்து, பாம்பு போவதைப் போல நிதானமாக வளைந்து வளைந்து ஆடும் ஒன்றும் உண்டு. அதற்கு வீவ் என்று பெயர். 1971-இல் ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் மோட்டார் சைக்கிளின் நிலைப்பாட்டைக் கணக்கிட்டு எழுதிய ஆய்வுக்குப் பிறகு இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது தெளிவாயிற்று. அதே கணக்கு சொல்கிற மற்றொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டியரிங்கில் எதிர்ப்பைக் கூட்டினால் வாபிள் அடங்கும். ஆனால் அதிக வேகத்தில் வீவ் கூடிவிடும். டாம்பரை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்ற எண்ணம் இதனால் தவறாகிறது. நெடுஞ்சாலையில் தொப்பூர் இறக்கத்தை நோக்கிப் போகும்போது டாம்பரை முழுவதும் இறுக்கி வைத்திருப்பது, ஏரிக்குள் தளர்த்தி வைத்திருப்பதைவிட மோசம்.

கட்டைவிரல் சரியானதும் நேரே காவேரிப்பட்டினத்துக்குப் போய், என் வண்டிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக்கிடம் டாம்பர் மாட்டித் தருமாறு கேட்டேன். அவர் வண்டியின் அடியில் கட்டையை வைத்து முன் சக்கரத்தை மேலே தூக்கினார். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்முனையை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். பிறகு ஹேண்டிலை ஒற்றை விரலால் இடமிருந்து வலமாக நகர்த்தினார். நடுவில் வந்ததும் ஹேண்டில் தானாக நின்றது. ஒரு சின்னக் குழிக்குள் விழுந்ததைப் போல இருந்தது.

"தம்பி, மொதல்ல கோன்செட்ட மாத்து. ஆட்டத்த அடக்கறதுக்கு எண்ணெ டப்பா எதுக்கு?" என்றார்.

அவர் சொன்னது எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் 22,000 கிலோமீட்டர் கல்லிலும் குழியிலும் நான் ஓட்டிய ஓட்டத்தில் கோன்செட்டின், அதாவது கழுத்துப் பேரிங்கின், குண்டுகள் நேர்நிலையில் பள்ளம் போட்டிருந்தன. அப்படிப் பள்ளம் விழுந்த ஸ்டியரிங் நடுவில் கவ்விக்கொள்ளும். ஓட்டுகிறவர் அந்தக் கவ்வலைத் தாண்டித் தாண்டித் திருத்த வேண்டியிருப்பதால் வண்டி நேராகப் போகாது. தளர்ந்திருந்தாலோ ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும். இதன் மேல் டாம்பரை மாட்டினால் நோய் மறைந்துபோகும், தீராது; மறைந்திருந்து வேறொரு நாளில் வெளிப்படும்.

கோன்செட்டை மாற்றியதோடு அவர் விடவில்லை. பின் சாக்கின், அதாவது அதிர்வு தாங்கியின், அமர்வை அளக்கச் சொன்னார். என்னுடையது எக்ஸ்பல்ஸில் 4வி ப்ரோ வகை; பின் சக்கரம் மேலும் கீழும் நகரும் பயணம் 220 மி.மீ. நான் முழு உடுப்போடு ஏறி நிற்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 70 மி.மீ. அமுங்கினால் போதும். கருவிப் பையும் தண்ணீர்க் கேனும் கட்டியிருந்த என் வண்டி 95 மி.மீ. அமுங்கியது. பின்பக்கம் இப்படித் தாழ்ந்துவிட்டால் முன்பக்கம் எழும்பி நிற்கும். முன் சக்கரத்தின் மீது பாரம் குறையும். மணலில் மூக்கு தானாக அலையத் தொடங்கும். சாக்கின் சுருளை முன்கூட்டி இறுக்கிச் சரிசெய்ததற்கு எனக்கு ஆன செலவு ஒரு தேநீர். முன் டயரில் நான் தார்ச்சாலைக்கு அடிக்கும் காற்றையே ஏரிக்குள்ளும் வைத்திருந்தேன் என்பதும் தெரியவந்தது. இப்போது மண்ணில் இறங்கும்போது 18 பிஎஸ்ஐக்குக் குறைக்கிறேன். அதற்கும் கீழே போனால் நம் கருங்கல் விளிம்பு ட்யூபை ரிம்மோடு வைத்துக் கடித்துவிடுகிறது. மணல் மட்டுமே உள்ள ஊர்க்காரர்கள் சொல்லும் எண்களை இங்கே பின்பற்ற முடியாது.

இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு அதே ஏரிக்குப் போனேன். வண்டி முன்பைவிட எவ்வளவோ நேராகப் போயிற்று. மணலில் மூக்கு அலைவது நின்றேவிட்டது. நேர்மையாகச் சொல்வதானால் என் குறைகளில் முக்கால்வாசி அந்த அரை நாள் வேலையிலேயே தீர்ந்துவிட்டது. தீராமல் மிஞ்சியது கல் உதை மட்டுமே. கோன்செட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சக்கரத்தின் ஓரத்தில் கல் இடித்தால் அது ஸ்டியரிங்கைத் திருப்பத்தான் செய்யும். ஆகவே எனக்கு டாம்பர் எதற்கு வேண்டும் என்பது இப்போதுதான் தெளிவாயிற்று: வாபிளை அடக்க அன்று, உதையை வாங்கிக்கொள்ள. இந்தத் தெளிவு இல்லாமல் கடைக்குப் போகிறவர் தமக்குப் பொருந்தாத ஒன்றைத்தான் வாங்கி வருவார். நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன்.

அது குழாய் வடிவ டாம்பர். சைக்கிள் பம்பைப் போல ஒரு தண்டு உள்ளே போய் வெளியே வரும். ஒரு முனை ஃபோர்க்கிலும் மறுமுனை ஃபிரேமிலும் மாட்டப்படும். சாலைப் பந்தய வண்டிகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்டு 3,200 ரூபாய்க்கு இணையத்தில் விற்றார்கள். எந்தக் கடை என்பது முக்கியமில்லை. அதே பொருள் பத்துப் பெயர்களில் வருகிறது. சாலை வண்டியின் ஹேண்டில் இரு பக்கமும் கொஞ்சம்தான் திரும்பும் என்பதால் அந்தத் தண்டின் நீளம் அதற்குப் போதும். நம் வண்டிகள் குறுகிய இடத்தில் வளைய வேண்டியவை. ஹேண்டில் வெகுதூரம் திரும்பும். நான் வாங்கிய டாம்பரின் தண்டு, ஹேண்டில் முழுவதும் திரும்புவதற்கு முன்பே உள்ளே முட்டி நின்றுவிட்டது. இதை வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருப்பேன். கண்டுபிடித்ததோ மாந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு வண்டித்தடத்தில், திரும்புவதற்கு ஹேண்டிலை ஒடித்தபோது அது ஒடியாமல் நின்று, நானும் வண்டியும் நிதானமாக வேலிக்கிலுவைக்குள் சாய்ந்தபோதுதான். மூன்றாவது வாரத்தில் தண்டின் ரப்பர் சீலிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. வெளியே தெரியும் தண்டின் மேல் செம்மண் புழுதி படிந்து, ஒவ்வொரு அசைவிலும் உப்புத்தாள் போலச் சீலைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் வேறென்ன நடக்கும்?

குழாய் வடிவமே கெட்டது என்று இதைப் படித்துவிடக் கூடாது. 2008-ஆம் ஆண்டு ஹோண்டா தன் சிஆர்எஃப் 450 ஆர் மோட்டோகிராஸ் வண்டியில், முன்பக்க எண் பலகைக்குப் பின்னால் ஒரு சிறிய குழாய் டாம்பரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பியது. வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்பும்படி முன்பக்கக் கோணத்தை அமைத்துவிட்டு, அதனால் வரக்கூடிய படபடப்பை டாம்பரிடம் ஒப்படைப்பது அவர்களின் கணக்கு. அந்த வண்டிக்கென்றே நீளமும் இடமும் அளந்து செய்த பொருள் அது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது எந்த வண்டிக்காகவும் அளக்கப்படாதது.

அடுத்து நான் பார்த்தது சுழல் வகை. ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் எண்ணெயும், அதில் விசிறி இதழைப் போல ஒரு தகடும் இருக்கும். பெட்டி ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும். தகட்டின் அச்சிலிருந்து வரும் கை, ஃபிரேமில் நட்டிருக்கும் ஒரு முளையில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அசைகிற உறுப்பெல்லாம் உள்ளே அடைபட்டிருப்பதால் புழுதிக்கு வேலை குறைவு. ஸ்டியரிங் கழுத்தின் அச்சுக்கு நேர் மேலேயே டாம்பரின் அச்சும் இருப்பதால் எந்தக் கோணத்திலும் எதிர்ப்பின் நெம்பு ஒரே அளவாக இருக்கும். குழாய் வடிவத்தில் ஹேண்டில் திரும்பத் திரும்ப இந்த நெம்பு மாறிக்கொண்டே போகும்.

சுழல் வகைக்குள்ளும் இரண்டு போக்குகள் இருக்கின்றன; தேர்வு உண்மையில் இங்கேதான் நடக்கிறது. ஒன்று, ஒரே குமிழைத் திருகி முழு எதிர்ப்பையும் ஏற்றி இறக்குவது. ஹேண்டில் நடுவிலிருந்து விலகும்போதும் நடுவுக்குத் திரும்பும்போதும் எதிர்ப்புக் காட்டுவது. ஜிபிஆர் நிறுவனம் இந்த வகையில் பெயர் பெற்றது. மற்றொன்று, அமெரிக்காவின் ஸ்காட்ஸ் விற்க, சுவீடனின் ஓலின்ஸ் தயாரிக்கும் டாம்பர். இதில் மூன்று திருகுகள் உண்டு. மேலே கைக்கு எட்டும் குமிழ், மெதுவான அசைவுக்கு எவ்வளவு எதிர்ப்பு என்பதைக் குறிக்கும். ஒரு சிறிய திருகு, திடீர் உதைக்கு எவ்வளவு என்பதைத் தனியாகக் குறிக்கும். மூன்றாவது, நடுவிலிருந்து எத்தனை பாகைவரை டாம்பர் வேலை செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் ஹேண்டில் தளர்ந்துவிடும். இவற்றுக்கு மேல், நடுவிலிருந்து விலகும்போது மட்டும் எதிர்த்து, திரும்பி வரும்போது வழிவிடுவது அதன் இயல்பு.

பாலைவனத்தில் மணிக்கு நூறுக்கு மேல் ஓட்டுகிறவர் இரு திசை எதிர்ப்பை விரும்பக்கூடும். நம் பாதை அப்படிப்பட்டதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் ஓட்டும் இடங்களை எண்ணிப் பார்த்தேன்: மார்க்கண்ட நதியின் ஓரத்து மணல் தடங்கள், கைவிடப்பட்ட கல்குவாரிகளுக்குப் போகும் ஜல்லிச் சரிவுகள், கரட்டைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதைகள், மழைக்குப் பிறகு டிராக்டர் சக்கரம் உழுதுவிட்டுப் போன தோட்டத்து வழிகள். பெரும்பாலான நேரம் இரண்டாவது, மூன்றாவது கியர்தான். ஒரு கல் உதைத்துவிட்டதும் ஹேண்டில் தானாக நடுவுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டு முழத்தில் அடுத்த கல் காத்திருக்கிறது. திரும்பி வருவதையும் எண்ணெய் பிடித்து நிறுத்தினால், முதல் கல் திருப்பிய கோணத்திலேயே இரண்டாவது கல்லைச் சந்திக்க வேண்டியிருக்கும். செங்குத்துச் சரிவில் ஹேண்டிலை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டாம்பர் குறுக்கே வராமல் இருப்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த இரண்டு காரணங்களால் விலகும்போது மட்டும் எதிர்க்கும் வகையை முடிவு செய்தேன். மேட்டூருக்குக் கீழே ஆற்று மணலிலேயே பொழுதெல்லாம் ஓட்டுகிற ஒருவர் என்னிடம் கேட்டால் இதே பதிலைச் சொல்வேனா என்பது சந்தேகம்.

புதிதாக வரவழைத்தால் சுங்க வரியும் அனுப்புக் கூலியும் சேர்ந்து, ஓடுகிற நிலையில் உள்ள பழைய எக்ஸ்எல் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே பெங்களூரில் ஒருவர் தம் வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்ததை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். பழையதை வாங்குகிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். கையைப் பிடித்து மெல்ல ஆட்டும்போது இடையில் எங்காவது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கினால், எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது. அச்சைச் சுற்றி ஈரப்புழுதி ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. குமிழை இரண்டு எல்லைகளுக்கும் திருகிவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தால் வேறுபாடு கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விலை பேசாமலே கிளம்பிவிடலாம்.

டாம்பர் கைக்கு வந்ததும் வேலை பாதி முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தது கால்வாசிதான். என் வண்டிக்கென்று செய்த தாங்கி எதுவும் கையில் கிடைக்காததால் ஓசூரில் ஒரு சிஎன்சி பட்டறையில் செய்யச் சொன்னேன். சிப்காட்டின் தயவால் அந்த ஊரில் துல்லியமாக அலுமினியம் கடைகிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒற்றை உருப்படிக்கு மினக்கெடுகிற பட்டறை கிடைப்பதுதான் அரிது. டாம்பரை ஹேண்டில்பாருக்கு மேலே வைக்கலாம், அல்லது கீழே வைக்கலாம். மேலே வைத்தால் வேலை எளிது. ஆனால் சறுக்கி விழும்போது மார்பெலும்பு போய் இடிக்கும் இடத்தில் ஓர் உலோகக் கட்டி இருக்கும். கீழே வைத்தால் ஹேண்டில்பார் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு உயரும். உயரமானவனாகிய எனக்கு, நின்றுகொண்டே ஓட்ட அது வசதியாகப் போயிற்று. குள்ளமானவர்கள் இதை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். கேபிள்களும் பிரேக் குழாயும் அந்த உயரத்துக்கு எட்டுகின்றனவா என்பதையும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபிரேமில் நிற்கும் முளைதான் இந்த ஏற்பாட்டின் உயிர். பட்டறையில் முதலில் அதை ஃபிரேமோடு வெல்டிங் வைத்துவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டியின் கழுத்து, முழு வண்டியின் பாரத்தையும் அடியையும் வாங்குகிற இடம்; அங்கே வெப்பம் பட்டால் குழாயின் உறுதி குறையும், அச்சு கோணலாகவும் கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். திருகாணியைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. ஆகவே கழுத்துக்குப் பின்னால் ஃபிரேம் குழாயை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் கவ்வி ஒன்றைச் செய்து, அதன் மேல் முளையை நிறுத்தினோம்.

முதல் கவ்வி தோற்றது. பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஓட்டும்போது டாம்பர் இருப்பதாகவே தெரியவில்லை. இரண்டு நாள் டாம்பரைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு மெக்கானிக் அண்ணன்தான் கையையும் முளையையும் விரலால் பிடித்து அசைத்துக் காட்டினார்: இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். கையின் நீளம் சுமார் 70 மி.மீ. என்றால், அந்த ஒரு மில்லிமீட்டர், ஹேண்டில்பாரின் முனையில் ஏறத்தாழ 6 மி.மீ. ஆக விரிகிறது. அதாவது ஹேண்டில் நடுவில் இருக்கும்போது ஆறு மில்லிமீட்டர் தூரத்துக்கு டாம்பரே இல்லாத வண்டியைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தூரத்துக்குள் உதை வேகம் பிடித்துவிடும். பட்டறைக்குத் திரும்பிப் போய், முளையைப் புதிதாகக் கடைந்து, கையின் காடிக்குள் கைவிரலால் தள்ளினால் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கமாக வைத்தோம். கழுத்தின் அச்சும் டாம்பரின் அச்சும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று தூக்குக்குண்டு வைத்துப் பார்க்காத குறையாகப் பார்த்தார்கள். இரண்டு கவ்விகளுக்கும் சேர்த்து 4,500 ரூபாய் ஆயிற்று. கடன் வாங்கியாவது விலையுயர்ந்த டாம்பர் வாங்கிவிட்டு, தாங்கியை மட்டும் அக்கம்பக்கத்துப் பட்டறையில் தகட்டை வளைத்துச் செய்துகொள்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பணத்தை அந்த ஒரு மில்லிமீட்டரில் கொட்டுகிறார்கள் என்றே சொல்வேன்.

மாட்டி முடித்த முதல் நாள் ஆசையில் குமிழை ஏறக்குறைய முழுவதும் இறுக்கிவிட்டேன். ஹேண்டில் களி கிண்டுகிற துடுப்பைப் போல ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் முன்கை இரண்டும் கல்லாகிவிட்டன. சின்னத் திருத்தங்கள் செய்ய முடியாமல் வண்டி ஒரு தடத்தில் விழுந்தால் அந்தத் தடத்திலேயே போயிற்று. அதன்பிறகு எல்லாத் திருகுகளையும் முற்றிலும் தளர்த்திவிட்டு, தெரிந்த அரை கிலோமீட்டர்ப் பாதை ஒன்றிலேயே திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகை மட்டும் இரண்டு கிளிக் மாற்றி, ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டேன். கடைசியில் நான் வந்து நின்ற இடம், மெதுவான அசைவுக்கு மிகக் குறைந்த எதிர்ப்பு, திடீர் உதைக்கு நடுத்தரத்துக்குச் சற்று மேல், வேலை செய்யும் கோணம் மிகக் குறுகலாக. டாம்பர் இருப்பது நினைவுக்கே வராத அமைப்புதான் என் கைக்குச் சரியாக இருக்கிறது. ஐப்பசி மழையில் டிராக்டர் தடங்கள் சேறாகிவிட்டபோது குமிழை மேலும் தளர்த்தினேன்; சேற்றில் முன் சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள விட்டுவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் எண்ணெய் இளகி அதே கிளிக்கில் எதிர்ப்புக் குறைந்திருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

டாம்பர் மாட்டியவுடன் துணிச்சல் கூடும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டுத் தடங்களுக்கு அழைக்கிறவர்களும் கூடுவார்கள். காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. அங்கே அனுமதியில்லாமல் தடம் தேடிப் போவது குற்றம். யானை எதிரே நிற்கும்போது ஹேண்டில் எவ்வளவு நேராக இருந்து என்ன பயன்? ஏரியும் கரடும் குவாரிப் பாதையும் எனக்குப் போதும். அவற்றுக்கும் நில உரிமையாளரிடமோ ஊர்க்காரர்களிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன்.

அந்தப் பழைய கல்லைத் தேடிக்கொண்டு கார்த்திகையில் ஒரு நாள் போனேன். ஏரியில் தண்ணீர் நின்றது. கல் உள்ளே எங்கோ கிடந்தது. ஆகவே அதே கல்லில் சோதித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. ஆனால் அதைப் போன்ற கற்கள் பலவற்றை அதற்குள் இடித்தாயிற்று. இடிக்கும்போது கையில் ஒரு கனமான தட்டல் தெரிகிறது, ஹேண்டில் இரண்டு விரற்கடை விலகித் திரும்பிவிடுகிறது, கட்டைவிரல் பிழைத்துக்கொள்கிறது.

இப்போது மீதியிருப்பது பராமரிப்பு. முளையின் திருகாணியை இரண்டு ஓட்டங்களுக்கு ஒரு முறை சாவி வைத்துப் பார்க்கிறேன். ஒரு முறை கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. கவ்வியின் திருகாணிகளில் வெள்ளை மையால் கோடு போட்டு வைத்திருப்பதால் அவை நகர்ந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். டாம்பரின் எண்ணெயைக் காற்றுப் புகாமல் மாற்றுவதற்கு வெற்றிடம் உண்டாக்கும் கருவி வேண்டும். அது நம் ஊர்ப் பட்டறையில் இல்லை. விற்றவர் எப்போது மாற்றினார் என்பதும் அவருக்கே நினைவில்லை. தை பிறந்ததும் பெங்களூருக்கு எடுத்துப் போய்ச் சீலையும் எண்ணெயையும் மாற்றிவிட்டு வருவதாகத் திட்டம். அதுவரை புழுதி உள்ளே போகாமலிருக்கப் பழைய லாரி ட்யூபை வெட்டி ஒரு குல்லாய் தைத்துப் போட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் அது என்னவென்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.